தினமும் முந்நூறு மரம் வெட்டுகிறவள்

தம்பிமார்களே,

உங்கள் பெரிய கிராணி போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்து, "புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் ஐயா" என்று கேட்டார். நாலு வார்த்தையில் எதையும் சொல்லி முடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. இருபத்தாறு வருஷம் காட்டு இலாகாவில் கிராணியாகக் காகிதம் எழுதியே காலம் தள்ளியவனிடம் சுருக்கமாக எழுதச் சொன்னது அவர் தப்பு. பொறுமையாகப் படியுங்கள்.

விதிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தாபான் மரத்தை யாரும் தொடக்கூடாது, பாஸ் இல்லாமல் பிரம்பு அறுக்கக்கூடாது, ஜெலுத்தோங் மரத்தில் பாஸ் உள்ளவர் பால் எடுக்கலாம், ஆனால் மரத்தை அடியோடு சாய்க்கக்கூடாது. இதெல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்குத் தலைகீழ்ப் பாடமாகிவிடும். எனக்கும் ஆனது. விதி தெரியாமல் நான் தப்புச் செய்ததில்லை. தமிழ் தெரியாமல்தான் செய்தேன்.

சிரிக்காதீர்கள். நாகப்பட்டினத்தில் பாதிரியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் பரிசு வாங்கியவன் நான். இலக்கணத்தில் எந்த இடத்தைக் கேட்டாலும் நிறுத்தாமல் ஒப்பிப்பேன். ரயில்வேயில் வேலை பார்த்த என் அக்காள் புருஷன்தான் என்னைக் கப்பலேற்றி வரவழைத்தார். பிரிக்பீல்ட்ஸில் அவருடைய குவாட்டர்ஸில் தங்கிக்கொண்டு, கிள்ளானில் இருந்த எங்கள் சிறிய ஆபீஸுக்குத் தினமும் ரயிலில் போய் வந்தேன். எங்கள் வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ் தெரியாது. பாஸ் கேட்டு வரும் தோட்டத்துத் தமிழர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நான். கழுத்தில் டை, நெஞ்சு நிறைய கர்வம். ஜனங்கள் பேசுகிற கொச்சையைக் கேட்டு மனசுக்குள் திருத்திக்கொண்டே இருப்பேன்.

அப்போது வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். காப்பார் பக்கத்துச் சதுப்புக் காட்டில் ஜெலுத்தோங் மரங்களுக்குப் பாஸ் கொடுத்திருந்தோம். அந்தப் பால் கப்பலேறி அமெரிக்கா போய், வாயில் போட்டு மெல்லும் மிட்டாயாகிறதாம். பாஸ் வாங்கியவர்களில் வீராசாமி என்று ஒருவர். பத்துப் பன்னிரண்டு வருஷம் ரப்பர் தோட்டத்தில் கங்காணியின் கீழ் கிடந்து, வாங்கிய கடன் பற்றைத் தீர்த்துவிட்டு வெளியே வந்தவர். அவருக்கு அந்தப் பாஸ் வெறும் காகிதமில்லை. விடியற்காலையில் பேர் கூப்பிட ஆளில்லாமல், நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் ஒருத்தன் நிற்காமல் பிழைக்கிற வழி அது. அதை ஒரு தகரக் குழாயில் சுருட்டி வைத்து, குழாயைத் துணியில் முடிந்து, இடுப்பில் கட்டியிருப்பார். முதல் தடவை வந்தபோது அதை அவிழ்த்து எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

தைப்பூசம் முடிந்த மறுநாள், காப்பார்ப் பகுதி ரேஞ்சர் அவரை ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். ரேஞ்சர் மலாய்க்காரர், நல்ல மனுஷர், அதிகம் பேசமாட்டார். வீராசாமியின் பகுதியில் பதினேழாம் நம்பர் மரம் சாய்க்கப்பட்டிருக்கிறது என்று ஒரு காகிதம் கொடுத்தார். வீராசாமி அப்போதுதான் பத்துமலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். நெற்றியில் விபூதி அழியவில்லை. ரேஞ்சர் அவரை வழியிலேயே மடக்கிக் கூட்டி வந்துவிட்டார். மரம் சாய்ந்துபோனதை அவர் கண்ணால் பார்க்கவில்லை. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, சுத்தமான தமிழில் கேட்டேன்.

"உனக்கு அனுமதிக்கப்பட்ட பகுதியிலுள்ள பதினேழாம் எண் மரத்தை நீ வெட்டினாயா?"

"வெட்டுனேங்க."

"நீதான் வெட்டினாயா, வேறு ஆள் வைத்து வெட்டினாயா?"

"வேற ஆள வுடமாட்டேங்க. எம் மரத்த நான்தான் வெட்டுவேன்."

"வெட்டியதை ஒப்புக்கொள்கிறாய்?"

"ஆமாங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவேங்க. அதுதான் நல்ல மரம்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் புரியவில்லை. ஒரு மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எப்படி வெட்ட முடியும்? கோயிலுக்குப் போய்வந்த களைப்பில் உளறுகிறார் என்று நினைத்தேன். துரையோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உளறலை இங்கிலீஷில் எழுதினால் என் இங்கிலீஷைத்தான் தப்பாக நினைப்பார். ஆகவே அதை விட்டுவிட்டேன். "பதினேழாம் நம்பர் மரத்தை நானே சாய்த்தேன், வேறு யாரும் உடந்தையில்லை" என்று அழகான இங்கிலீஷில் எழுதி, வீராசாமியின் கட்டைவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தேன். துரை வாசித்துவிட்டு, கையெழுத்துச் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டினார். பாஸை வாங்கி வைத்துக்கொண்டு, வீராசாமியைப் போலீஸில் ஒப்படைத்தோம். வெள்ளிக்கிழமை கிள்ளான் கோர்ட்டில் வழக்கு. பாஸ் ரத்தாகும், சிறையும் நிச்சயம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் ரயிலில் நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன். அதை மறைக்க விரும்பவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஒரு பெண்பிள்ளை ஆபீஸ் வாசலில் நின்றாள். வீராசாமியின் பெண்சாதி, பேர் காத்தாயி. புருஷன் ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த பிறகும் இவள் மட்டும் இன்னும் அங்கேதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பாரிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கால் முழுக்கச் செம்மண். வாசலில் நின்றாளே தவிர, குரல் வாசலில் நிற்கவில்லை.

"கிராணி ஐயா, ஒரு நாயம் கேக்கணும். வெட்டத்தானே பாஸ் குடுத்தீங்க? வெட்டுனதுக்கு எதுக்குய்யா பிடிச்சு வச்சிருக்கீங்க?"

"வெட்டுவதற்குப் பாஸ் கொடுக்கவில்லை அம்மா. பால் எடுப்பதற்குத்தான் கொடுத்தோம்" என்றேன், குழந்தைக்குச் சொல்வதைப்போல.

"வெட்டாம பாலு எப்படிய்யா வரும்? வா வான்னு கூப்பிட்டா வந்திடுமா?"

மூலையில் உட்கார்ந்து பங்கா விசிறியை இழுக்கிறவர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன் புருஷன் மரத்தை வெட்டியதாக அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான். விரல் பதித்திருக்கிறான்."

"ஒத்துக்காம பின்ன? வெட்டுறவன் வெட்டலைன்னு பொய் சொல்லுவானா? நானுந்தான் வெட்டுறேன். தினமும் முந்நூறு மரம் வெட்டுறேன். என்னையும் பிடிச்சு உள்ள போடுங்க!"

எழுந்து நின்றுவிட்டேன். அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தேன். நாலடி பத்தங்குலம் இருப்பாள். தினமும் முந்நூறு மரம்.

"எப்படி வெட்டுவாய்? காட்டு" என்றேன்.

அவள் வாசல் தூணுக்குப் பக்கத்தில் போய், ஒரு கையால் தூணை அணைத்துக்கொண்டு, மறு கையில் உளி இருப்பதைப்போலச் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். கோடு முடிகிற இடத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை நிமிர்த்தி வைப்பதைப்போல விரலை வளைத்தாள். பட்டைக்குக்கூட வலிக்காத அளவுக்கு மெல்லிய இழுப்பு. "இப்படித்தான். பேரு கூப்பிடுற பெரட்டுல கிராணி கேப்பாரு, எத்தன மரம் வெட்டுனேன்னு. நீங்களும் கிராணிதானே, இது தெரியாதா?" என்றாள்.

தெரியாது. தோட்டத்து வாசலை மிதிக்காத கிராணி நான். கோடாலியால் அடிமரத்தைப் பிளப்பதுதான் எனக்கு வெட்டுவது. உளியால் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதுதான் அவர்களுக்கு வெட்டுவது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவேன் என்று அந்த மனுஷர் சொன்னதில் உளறலே இல்லை. அவர் என்னிடம் பேசியதில் மிகத் தெளிவான வாக்கியம் அதுதான். அதைத்தான் நான் தூக்கியெறிந்திருந்தேன்.

"மரத்தை அடியோடு கீழே தள்ளுவதைத் தோட்டத்தில் என்னவென்று சொல்வார்கள்?" என்று கேட்டேன்.

"சாய்க்கிறதுன்னுவோம். அதுக்குக் கோடாலி வேணும். எங்க வீட்டுல ஏதுய்யா கோடாலி?"

அவளை உட்காரச் சொல்லிவிட்டு, அப்போதைய பெரிய கிராணியிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார், பிறகு கதவைச் சாத்தினார். கெட்டவர் என்று நினைக்காதீர்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பயந்துபோன மனுஷர், அவ்வளவுதான்.

"தம்பி, காகிதம் கோர்ட்டுக்குப் போயாச்சு. துரை கையெழுத்துப் போட்டாச்சு. இப்போது போய் நான் எழுதினது தப்பு என்றால், உன்னை எதற்காக வேலைக்கு வைத்தார்களோ அதுவே உனக்குத் தெரியாது என்று அர்த்தம். உன் வேலையும் போகும், இனிமேல் நம்மவன் ஒருத்தனையும் அந்த நாற்காலியில் உட்காரவிடமாட்டார்கள். அவன் வேண்டுமானால் கோர்ட்டில் பேசிக்கொள்ளட்டும்" என்றார்.

"அங்கேயும் வெட்டினேன் என்றுதானே ஐயா சொல்வார்?" என்றேன்.

துரை அன்று கோலாலம்பூரில், பெரிய ஆபீஸில் இருந்தார்.

மத்தியான ரயிலைப் பிடித்துக் கோலாலம்பூர் வந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் என்னென்ன கணக்குப் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பெரிய உத்தமன் என்று எண்ணிவிடப் போகிறீர்கள். பத்து தீகா தாண்டும்போது, வேறு வேலை கிடைக்குமா என்று யோசித்தேன். அக்காளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பிரிக்பீல்ட்ஸ் தெரிந்தபோது, இறங்கிப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. அப்போதெல்லாம் அந்தப் பெண்பிள்ளை தூணில் இழுத்த கோடு கண்முன் வந்து நின்றது. பெரிய ஆபீஸ் மூடுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

துரை முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கடைசியில், "எழுதியது நீ. திருப்பி வாங்குகிறவனும் நீயாகவே இரு. நாளைக்கு மேஜிஸ்ட்ரேட்டிடம் நீயே எழுந்து சொல். உனக்காக நான் சொல்லமாட்டேன்" என்றார். தண்டனையா, மரியாதையா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை கோர்ட்டு நிறைய ஆள். தோட்டத்து ஜனங்கள் சுவரோரம் நின்றார்கள். வீராசாமியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இடுப்பில் அந்தத் துணி முடிச்சு இன்னும் இருந்தது, உள்ளே குழாய் மட்டும், பாஸ் இல்லை. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு என்னைக் கொன்றுவிட்டது.

என் காகிதத்தை வாசித்தார்கள். மேஜிஸ்ட்ரேட் பேனாவை எடுத்தார். நான் எழுந்தேன்.

"யுவர் ஆனர், அந்த மொழிபெயர்ப்பு தப்பு. எழுதியது நான்."

"நீ தமிழன்தானே?"

"ஆமாம்."

"இவர் பேசியது தமிழ்தானே?"

"ஆமாம்."

"பிறகென்ன தப்பு?"

"இவருடைய தமிழ் எனக்குத் தெரியாது, யுவர் ஆனர்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. சுவரோரம் நின்றவர்களுக்குக் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னபோது இன்னும் பெரிய சிரிப்பு. என் காது இரண்டும் எரிந்தது. நாகப்பட்டினத்துப் பாதிரியார் யாராவது அங்கே இருந்திருந்தால் என் பரிசைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

மேஜிஸ்ட்ரேட் மட்டும் சிரிக்கவில்லை. வீராசாமியை வெட்டிக் காட்டச் சொன்னார். அவர் கூண்டின் மரக்கம்பியில் விரலால் சாய்வாக ஒரு கோடு இழுத்தார், மங்குக் கிண்ணம் வைப்பதைப்போலக் கையைக் குவித்தார். சுவரோரச் சிரிப்பு அப்போது நின்றுபோனது. பிறகு மரத்தைச் சாய்த்தாயா என்று, நான் எழுதிக் கொடுத்த வார்த்தையிலேயே கேட்டார்கள்.

"சாய்க்கிறதா? எந்த மரத்த?" என்று அவர் பதறினார். "பதினேழாம் நம்பரு சாஞ்சு போச்சா? ஐயோ, யாருங்க சாச்சது?"

தன்னை எதற்காகப் பிடித்தார்கள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த நிமிஷத்திலும் அவர் தன்னை நினைக்கவில்லை, மரத்தை நினைத்தார். அதை நான் மறக்கமாட்டேன்.

மேஜிஸ்ட்ரேட் ரேஞ்சரைக் கூப்பிட்டார். மரத்தடியில் என்ன பார்த்தாய் என்று கேட்டார். அடிமரத்தைக் காணோம், வாய்க்கால் வரைக்கும் இழுத்துப்போன தடம் இருந்தது என்றார் ரேஞ்சர். எத்தனை பேர் தடம்? "ஓராங் பாஞாக், துவான். நிறையப் பேர், பத்து ஆளுக்குக் குறையாது." இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? "என் காகிதத்தில் இருக்கிறது, துவான். இவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று ஆபீஸில் சொன்னார்கள். அப்புறம் யாரும் என்னைக் கேட்கவில்லை."

உண்மைதான். ஒப்புக்கொண்டான் என்ற ஒரு வார்த்தை வந்த பிறகு எங்கள் ஆபீஸில் யாரும் அந்தக் காகிதத்தைப் புரட்டவில்லை. கட்டைச் செருப்பு செய்கிறவர்களுக்கு ஜெலுத்தோங் மரம் வெண்ணெய் மாதிரி, செதுக்க லேசு. திருட்டு மரம் எங்கே போயிருக்கும் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும்.

வீராசாமியை விடுதலை செய்தார்கள். துரை பாஸை என் கையில் கொடுத்து, நீயே கொடு என்றார். கோர்ட்டு வாசலில் கொடுத்தேன். "நீங்க என்னை மன்னிச்சுடுங்க" என்றேன். "நீங்க" என்று ஒரு தொழிலாளியை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, குழாயை அவிழ்க்கத் தொடங்கினார். காத்தாயிக்குத் தெரிந்திருந்தது. "பரவால்லய்யா. புதுசுதானே நீங்க. போகப் போகத் தமிழ் வந்திடும்" என்றாள்.

என் வேலை போகவில்லை. ஆனால் அந்த வாரமே துரை, நான் அதுவரை எழுதிய தமிழ் வாக்குமூலங்களையெல்லாம் எடுத்துவரச் சொன்னார். இதைத் தவிர மூன்று இருந்தன. அதில் ஒன்றில் இதே வார்த்தை. அந்த ஆளின் பாஸை நான் சேர்ந்த இரண்டாம் மாதத்தில் ரத்து செய்திருந்தோம். தேடிப் போனேன். கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். அவர் மரத்தைச் சாய்த்தாரா, பால்தான் எடுத்தாரா, இனி யாராலும் சொல்ல முடியாது. நான் எழுதிய காகிதம் மட்டும் இருக்கிறது, கையெழுத்து மிகச் சுத்தமாக. உங்களுக்கு இந்தக் கதையைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், ஆனால் அந்த ஆளை விட்டுவிட்டுச் சொன்னால் அது மறுபடியும் ஒரு வாக்கியத்தை விட்டு எழுதியதாகிவிடும்.

அதற்கப்புறம் ஒரு வருஷம், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் காப்பாருக்குப் போவேன், பூச்சோங் பக்கத்துத் தோட்டங்களுக்கும் போவேன். டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான். பிரம்பு எடுக்கிறவர், டாமார் பிசின் பொறுக்குகிறவர், பால் வெட்டுகிறவர் எல்லோரிடமும் நீங்கள் செய்கிற வேலைக்கு என்ன பேர் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். பாஸின் பின்பக்கத்தில் தமிழில் இருக்கிறதே, "வெட்டலாம், சாய்க்கக்கூடாது" என்று, படித்தவர்கள் பார்த்தால் முகம் சுளிக்கிற தமிழ், அது என் தமிழ். துரை அச்சடிக்க அனுப்பியபோது பெரிய கிராணி ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. புதுப்பிக்க வருகிறவர்களிடம் கேட்கிற இரண்டு கேள்விகளும் என்னுடையவைதான். இன்றுவரை யாரும் மாற்றவில்லை. மாற்றுவதற்கு அதில் ஒன்றுமில்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

புரியாத வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், தம்பிமார்களே. எழுதுங்கள். துரை கடிகாரத்தைப் பார்த்தால் பார்க்கட்டும். எதிரே நிற்கிறவர் உளறுகிறார் என்று தோன்றினால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காட்டுங்கள் என்று கேளுங்கள். இதற்கு மேல் சொல்லிக்கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

என் கடைசி நாளன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தேன். வீராசாமி பாஸ் புதுப்பிக்க வந்தார். தலை நரைத்துவிட்டது, குழாய் மட்டும் அதேதான். நான் வேலையை ஒப்படைத்துவிட்டதால், குறுக்கே போகாமல் பின்னால் நின்று பார்த்தேன். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தது உங்களில் ஒருவர், வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆகியிருக்கும். பேரைச் சொன்னால் வெட்கப்படுவார்.

"மரம் வெட்டுறீங்களா?"

"வெட்டுறேங்க."

"சாய்ச்சீங்களா?"

"இல்லீங்க."

அந்தத் தம்பி தலை நிமிரவில்லை, தயங்கவில்லை. முதல் கேள்விக்கு நேரே பால் எடுக்கிறார் என்று இங்கிலீஷில் எழுதினார், இரண்டாவதற்கு நேரே இல்லை என்று எழுதினார். முத்திரை குத்திக் கொடுத்தார். வீராசாமி பாஸைச் சுருட்டிக் குழாயில் போட்டு, முடிந்துகொண்டு, வெளியே போனார். அடுத்த நாள் காலையில் அவருக்கு மரம் வெட்ட வேண்டியிருந்தது.